துருவுக்குப் பரிசு

மாடல் ரயில்காரர்கள் கூடும் இடங்களில் சில ஆண்டுகளாக ஒரே ரக டீசல் என்ஜினுக்குத்தான் மவுசு. அது டபிள்யூடிஎம்-2 ஆக இருக்கலாம், ஒய்டிஎம்-4 ஆக இருக்கலாம், ஜி.எம். வழிவந்த டபிள்யூடிஜி-4 ஆகவும் இருக்கலாம். கூரை முதல் போகி வரை துருவேறியிருக்க வேண்டும், அதுதான் நிபந்தனை. கோடு பிசகாமல், எழுத்து சாயாமல், சுத்தமாகப் பெயின்ட் அடித்த என்ஜின் ஒன்று பக்கத்திலேயே நிற்கும். 'பொம்மை மாதிரி இருக்கு' என்று சொல்லிவிட்டு அதைத் தாண்டிப் போவார்கள். துருவேறியதைச் சுற்றிக் கூட்டம் நிற்கும். 'தத்ரூபம்' என்ற சொல் நாலு பக்கமும் கேட்கும். ஏன் இப்படி என்றால் சமாதானம் தயாராக இருக்கிறது: 'லைன்ல ஓடுற வண்டி எது சார் புதுசா இருக்கு? அழுக்குதான் நிஜம்.'

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தஞ்சாவூர் ஜங்ஷன் நடைமேடையில் மீட்டர் கேஜ் டீசல்களைப் பார்த்து வளர்ந்த எனக்கு இது செரிக்கவே இல்லை. அழுக்கு நிஜம்தான். இவர்கள் பூசுவது அந்த அழுக்கு இல்லை.

முதலில் கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிடுவோம். இந்திய டீசல் மாடலின் தரம் இன்று எங்கோ போய்விட்டது. ஒரு காலத்தில் அமெரிக்க ஆல்கோ மாடல் ஒன்றை வாங்கி, அதன் பெயின்டைச் சுரண்டி, நம் வண்ணம் அடித்து, கையால் எண் எழுதி, 'நம்ம வண்டி' என்று மனதைத் தேற்றிக்கொண்டோம். இப்போது 3டி அச்சில் கூடு வருகிறது. கதவின் கீலும் தாழ்ப்பாளும் தனித்தனியாகத் தெரிகின்றன. எண்ணையும் ஷெட் பெயரையும் பூதக்கண்ணாடி வைத்தால் படித்துவிடலாம். எச்.ஓ. அளவில், அதாவது 87-இல் ஒரு பங்கில், 17,120 மி.மீ. நீளமுள்ள டபிள்யூடிஎம்-2 வெறும் 197 மி.மீ. ஒரு சாண்கூட இல்லாத நீளத்துக்குள் இவ்வளவு வேலையும் அடங்குவது லேசான காரியம் இல்லை.

பாதையின் அகலம் பொருந்தாது என்பதும் எல்லாருக்கும் தெரிந்த குறை. நம் அகலப்பாதை 1,676 மி.மீ.; 87-ஆல் வகுத்தால் 19 மி.மீ.க்குச் சற்று மேல். கடையில் கிடைக்கும் எச்.ஓ. தண்டவாளமோ 1,435 மி.மீ. பாதைக்கென்று அமைந்த 16.5 மி.மீ. ஆக நம் டபிள்யூடிஎம்-2 காலை ஒடுக்கிக்கொண்டுதான் நிற்க முடியும். மீட்டர் கேஜ் ஒய்டிஎம்-4 தப்பித்தது. அதற்கு 12 மி.மீ. பாதை ஏறக்குறையச் சரி. இதை யாரும் பெரிதுபடுத்துவதில்லை, நானும் இல்லை. என்ஜின் மெதுவாக ஊர்ந்து கிளம்புமா, பாயின்டைத் தாண்டும்போது நின்றுவிடுமா என்பதை மேசைமேல் நிறுத்தி வைத்துப் பார்க்கும் போட்டிகளில் கண்டுபிடிக்கவும் முடியாது. அது தனிக் கதை.

என் சண்டை பூச்சோடு மட்டும்தான். பல நாடுகளிலும் அடிப்படையாக எடுத்துக்கொள்ளப்படும் மதிப்பெண் முறை, 1935-இல் தொடங்கிய அமெரிக்காவின் தேசிய மாடல் ரயில் சங்கம் வகுத்தது. மொத்தம் 125. கட்டுமானத்துக்கு 40, நுணுக்க வேலைக்கு 20, மூலத்தோடு ஒப்புமைக்கு 25, பூச்சுக்கும் எழுத்துக்கும் 25, சொந்தமாகச் செய்த பாகங்களுக்கு 15. இதில் 87.5 எடுத்தால் தகுதிச் சான்று. முறையில் பெரிய குற்றம் சொல்ல எனக்கு எதுவும் இல்லை. ஆனால் ஒப்புமையும் பூச்சும் தனித்தனிக் கட்டத்தில் உட்கார்ந்திருப்பதால் அழுக்குக்கு ஒரு சந்து கிடைத்துவிடுகிறது. ஹூட்டின் பக்கவாட்டில் கதவு எத்தனை, ஹெட்லைட் எந்த மாதிரி, கைப்பிடி எங்கே என்பதற்கெல்லாம் வரைபடமும் புகைப்படமும் எடுத்து நீட்ட வேண்டும். ஒரு கைப்பிடி கூடிவிட்டால் மதிப்பெண் போகும். துருவுக்கு மட்டும் எவரும் ஆதாரம் கேட்பதில்லை. அது பூச்சுக் கட்டத்தில் திறமைக்கென்று மதிப்பெண் வாங்கிக்கொண்டு, ஒப்புமைக் கட்டத்தில் கணக்குக் காட்டாமல் நழுவிவிடுகிறது.

டீசல் என்ஜினின் அழுக்குக்கு முகவரி உண்டு. எங்கிருந்து வந்தது, எந்தப் பக்கம் போனது, எந்த மாதத்தில் வந்தது என்பதைப் பார்த்தே சொல்லிவிடலாம். ஆல்கோவையே எடுத்துக்கொள்ளுங்கள். 1962-இல் அமெரிக்காவிலிருந்து வந்திறங்கி, 1964 முதல் வாரணாசியில் உருவான டபிள்யூடிஎம்-2-க்குள் இருப்பது 251 ரக 16 சிலிண்டர் இயந்திரம், 2,600 குதிரைத்திறன். மீட்டர் கேஜ் தம்பியான ஒய்டிஎம்-4-க்குள் அதே குடும்பத்து 6 சிலிண்டர். டிரைவர் நாட்ச் ஏற்றியதும் டீசல் உடனே கூடிவிடும். டர்போ வேகமெடுத்துப் போதிய காற்றைத் தள்ளக் கொஞ்ச நேரம் பிடிக்கும். அந்த இடைவெளியில் சரியாக எரியாத டீசல் கரும்புகையாகக் கிளம்பும். மீட்டர் கேஜ் காலத்துச் சோழன் எக்ஸ்பிரஸ் நடைமேடையை விட்டு நகரும்போது வானத்தில் கறுப்பாக ஒரு தூண் எழுந்ததற்கு இதுதான் காரணம்.

அந்தக் கரி எங்கே போய்ப் படியும்? புகைபோக்கியின் வாயைச் சுற்றித் தடிப்பாக, அங்கிருந்து ஓட்டத்துக்கு எதிர்ப்பக்கமாகப் போகப்போக மெலிந்து, கூரையில். லாங் ஹூட் என்னும் நீண்ட முனை முன்னால் போனால் கேபின் கூரையும் அந்தப் பக்கக் கண்ணாடியின் விளிம்பும் கறுக்கும். ஷார்ட் ஹூட் முன்னால் போனால் கேபின் பிழைத்துக்கொள்ளும், ரேடியேட்டர் பக்கம் மாட்டிக்கொள்ளும். கரி பளபளக்காது, ஒளியை விழுங்கிவிடும். புகைபோக்கியின் தகடு மட்டும் சூட்டில் பெயின்ட் கருகி உதிர்ந்து பழுப்பேறும். என்ஜின் உடம்பில் நியாயமாகத் துருப்பிடிக்க உரிமையுள்ள இடங்களில் அது ஒன்று.

கீழே வாருங்கள். வார்ப்பிரும்பு பிரேக் கட்டை சக்கரத்தில் உரசி உதிர்க்கும் தூள் போகி முழுக்கப் பழுப்பாக ஒட்டும். தூரத்திலிருந்து பார்ப்பவர்கள் துரு என்று நினைப்பது பெரும்பாலும் இதைத்தான். இரும்புத் தூள் என்பதால் நிறமும் துருநிறமே. ஆனால் அது வெளியிலிருந்து வந்து உட்கார்ந்த தூசு. துடைத்தால் அடியில் பெயின்ட் முழுசாக இருக்கும். படிந்த தூசு மங்கலாக, விளிம்பு தெரியாமல், மேடான பாகங்களின் தலையில் அதிகமாக இருக்கும். அரித்த துரு பெயின்டை உப்பவைத்து, உடைத்து, கூர்மையான விளிம்போடு வெளியே வரும். ஒன்றைப் பொடியால் செய்ய வேண்டும், மற்றதை மெல்லிய தூரிகையால். இரண்டையும் ஒரே டப்பாவிலிருந்து எடுத்து அப்புகிறவருக்கு இரண்டும் தெரியாது என்றுதான் அர்த்தம்.

சக்கரம் வழுக்காமலிருக்க மணல் தூவும் குழாயைச் சுற்றிச் சாம்பல் நிறம் இருக்கும். டபிள்யூடிஎம்-2-இன் 5,000 லிட்டர் டேங்கின் வாய்க்கு நேர் கீழே டீசல் வழிந்த தடம் இருக்கும். அதில் தூசு ஒட்டிக் கறுத்து, எப்போதும் ஈரமாக இருப்பதுபோல் மினுக்கும். கசிகிற என்ஜினாக இருந்தால் ஹூட் கதவுகளில் ஏதோ ஒன்றிரண்டின் அடிவிளிம்பில் ஆயில் வடிந்திருக்கும், எல்லாக் கதவிலும் இருக்காது. டெல்டாவில் இதற்கு மேல் பருவமும் தன் கையை வைக்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழை கூரைக் கரியைக் கரைத்துப் பக்கவாட்டில் கோடு கோடாக இறக்கும். நிற்கும்போது இறங்கிய கோடு நேராகவும் ஓடும்போது இறங்கியது சாய்வாகவும். தை, மாசியில் சம்பா அறுவடை. வயலின் நடுவே போகும் பாதையில் புழுதியும் வைக்கோல் துணுக்கும் பறந்து வந்து ரேடியேட்டர் வலையில் ஒட்டும். நீடாமங்கலத்தில் நெல் மூட்டை ஏற்றிய சரக்கு ரயிலை இழுத்துக்கொண்டு கிளம்பும் என்ஜினை அந்த மாதங்களில் பார்த்தவர்களுக்கு அந்த வெளிறிய மண்நிறம் தெரியும். மழைக்கால என்ஜினா, அறுவடைக்கால என்ஜினா என்று சொல்லும்படி ஒரு மாடல் செய்து வந்தால் அவருக்குப் பூச்சில் 25-க்கு 25 நானே போடுவேன். இதுவரை கண்ணில் படவில்லை.

கண்ணில் படுவது இது. ஹூட்டின் ஒவ்வொரு கீலிலிருந்தும் ஆரஞ்சு நிறத்தில் ஒரு தாரை இறங்குகிறது. எல்லாத் தாரையும் ஒரே நீளம், ஒரே சாய்வு, ஒரே நிறம். இடப்பக்கம் எப்படியோ வலப்பக்கமும் அப்படியே. கைப்பிடிக் கம்பி முழுக்கப் பழுப்பு. கேபினுக்கு ஏறும் படியில் துரு. பஃபரின் முகத்தில் துரு. சக்கரம் தண்டவாளத்தைத் தொடும் பரப்பின் ஓரத்திலும் துருப்பொடி. இதில் எதுவும் நடக்க வழியில்லை. கேபின் படியில் நாள் முழுக்கச் செருப்புக்கால் ஏறி இறங்குகிறது. கைப்பிடியை டிரைவரும் உதவியாளரும் ஷெட் ஆட்களும் மாறி மாறிப் பிடிக்கிறார்கள். அங்கே பெயின்ட் தேய்ந்து உள்ளே இருக்கும் இரும்பு பளிச்சென்று மின்னும். பஃபர் முகத்தில் இருக்க வேண்டியது கறுத்துப்போன கிரீஸ். ஓடுகிற சக்கரத்தில் துருவுக்கு உட்காரவே நேரம் கிடையாது. இந்தக் கோலத்தில் ஒரு என்ஜின் இருந்தால் அது பத்து வருஷமாவது கருவேலம் புதருக்குள் நின்றிருக்க வேண்டும். ஆனால் இந்த மாடலிலோ ஹெட்லைட் எரிகிறது, பின்னால் பன்னிரண்டு பெட்டி மாட்டியிருக்கிறது.

இந்த உத்திகள் வந்த வழியைப் பார்த்தால் கோளாறு புரியும். ஹேர்ஸ்ப்ரே அடித்து, மேலே பெயின்ட் பூசி, நனைத்துச் சுரண்டுவதும், உப்புக் கல்லை ஒட்டவைத்து உதிர்ப்பதும் ராணுவ டாங்கி மாடல் செய்பவர்கள் வளர்த்தெடுத்தவை. ரயிலில் அமெரிக்கச் சரக்கு வேகனுக்கு அவை பொருந்தும். பல பத்தாண்டுகள் பெயின்டையே காணாமல் ஓடும் வேகன் உண்மையிலேயே துருவும். நம் டீசல் என்ஜினுக்கு ஷெட் உண்டு, குறித்த நாளில் ஷெட்டுக்குத் திரும்பியாக வேண்டிய கட்டாயம் உண்டு. அதற்கு மேல் பணிமனை உண்டு. நாகப்பட்டினத்தில் இருந்த தென்னிந்திய ரயில்வேயின் பணிமனை 1928-இல் பொன்மலைக்கு மாறியது. நீராவியைப் பார்த்த அந்தக் கொட்டகைகள் பிறகு டீசலையும் பார்த்தன. பெரிய பழுதுபார்ப்புக்கு உள்ளே போன என்ஜின் பழைய பெயின்ட் நீங்கிப் புதுப் பெயின்டோடுதான் வெளியே வரும். அரிசோனாப் பாலைவனத்தில் கைவிடப்பட்ட வேகனின் துருவைக் கொண்டுவந்து பொன்மலை என்ஜின் மேல் பூசுவதற்குப் பெயர் தத்ரூபமா?

அளவு பிசகுவது இன்னொரு கூத்து. மாடலில் ஒட்டிய பொடித் துகள் 0.2 மி.மீ. இருந்தால், 87 மடங்கில் அது 17 மி.மீ. சுண்டைக்காய் பருமனில் துரு கட்டிகட்டியாக ஒட்டிக்கொண்டிருக்கும் என்ஜினை எந்த ஸ்டேஷனில் பார்த்தார்கள்? தாரை ஒரு மி.மீ. அகலம் என்றால் அசலில் அது 9 செ.மீ.; அதாவது ஒரு கீலிலிருந்து நாலு விரல்கடை அகலத்துக்குத் துருநீர் கொட்டியிருக்க வேண்டும். கைப்பிடிக் கம்பி கால் மி.மீ. தடித்துவிட்டது என்று மதிப்பெண் குறைக்கும் அதே நடுவர், இந்தத் தாரையைப் பார்த்துத் தலையாட்டுகிறார்.

வயதைப் பூசுவது நம் பக்கத்துக்குப் புதிதில்லை. சுவாமிமலைப் பட்டறைகளில் வார்த்த புதுச் சிலைக்கு ரசாயனம் தடவி 'ஆன்டிக் ஃபினிஷ்' ஏற்றி விற்பதை எல்லாரும் பார்த்திருக்கிறோம். தலைமுறை தலைமுறையாக அபிஷேகம் கண்ட உற்சவத் திருமேனியின் பக்கத்தில் அதை வைத்தால் சாயம் வெளுத்துவிடும். உற்சவர் முகத்தில் மூக்கும் இமையும் மழுங்கியிருக்கும், கையும் துணியும் எட்டாத மடிப்பில் உளிவேலை அப்படியே கூர்மையாக இருக்கும். புதுச் சிலையிலோ மேட்டிலும் பள்ளத்திலும் ஒரே பச்சை. ஆனாலும் ஸ்தபதி நேர்மையானவர். அது ஆன்டிக் ஃபினிஷ் என்று சொல்லியே விற்கிறார். தத்ரூபம் என்று பரிசு கேட்பதில்லை.

இந்தத் துருமோகத்துக்குப் பின்னால் வெளியே சொல்லாத வசதி ஒன்றும் இருக்கிறது. 3டி அச்சின் வரிவரியான தழும்பு, கூட்டை ஒட்டிய இணைப்பு, மாஸ்கிங் டேப்புக்கு அடியில் கசிந்த பெயின்ட், ஓரம் பளபளக்கும் டீகால் என்று எதுவும் துருவுக்குள் போய்விட்டால் தெரியாது. பக்கவாட்டுப் பட்டை நேராக வரவில்லையா, பொடியைத் தூவு. சுத்தமான என்ஜினுக்கு ஒளிய இடம் கிடையாது. ஏர்பிரஷ் பிடித்தவர்களுக்குத் தெரியும், சிவப்புக்கும் மஞ்சளுக்கும் நடுவில் கூட்டின் முழு நீளத்துக்கு ஒரு கோடு அலுங்காமல் வருவதற்கு எத்தனை தடவை அழித்து அடிக்க வேண்டும் என்று. அந்த வேலைக்குப் 'பொம்மை மாதிரி' என்று பட்டம். அதை மறைத்த வேலைக்குப் பரிசு. துருப்பூசுகிறவர்கள் எல்லாரும் மறைக்கத்தான் பூசுகிறார்கள் என்றால் கோபித்துக்கொள்வார்கள். கோபித்துக்கொள்ளட்டும். பாதிப் பேருக்காவது அது பொருந்தும் என்பது என் எண்ணம். அந்தப் பாதியிலிருந்துதான் பரிசுக்காரர்கள் வருகிறார்கள் என்றும் தோன்றுகிறது.

நாகப்பட்டினம், காரைக்கால் பக்கம் கடற்காற்று இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. உப்பு அரிப்பது தண்ணீர் தங்கும் இடத்தை: ரன்னிங் போர்டின் அடிமடிப்பு, பேட்டரிப் பெட்டியின் கீழ்விளிம்பு, கதவின் அடிமூலை. அங்கே மூன்று புள்ளி வைத்திருந்தால் நானும் கைதட்டியிருப்பேன். கடற்காற்றைவிட நம் என்ஜின்களின் முகத்தை அதிகம் மாற்றியது வெயில். சிவப்பு வெளுத்து, தொட்டால் விரலில் மாவு ஒட்டும். தஞ்சாவூர்–நாகப்பட்டினம் மாதிரி கிழக்கு மேற்காகப் போகும் பாதையில், என்ஜினைத் திருப்பாமல் முனை மாற்றி மாட்டியே ஓட்டினால் அதன் ஒரே பக்கம்தான் எப்போதும் தெற்கைப் பார்க்கும். நம் ஊரில் வருஷத்தில் ஏறக்குறைய எட்டு மாதம் உச்சிவெயில் தென்புறம் சாய்ந்தே அடிக்கும். அந்தப் பக்கம் கூடுதலாக வெளுக்கும். ஒரு பக்கம் மட்டும் அரைப் பங்கு வெளுத்த என்ஜின்! செய்வதற்கு எவ்வளவு கடினமான, எவ்வளவு அழகான சவால். இதை யாரும் தொடுவதில்லை. வெளுப்பு கூட்டம் சேர்க்காது.

இது கலை, கலைஞனுக்குச் சுதந்திரம் வேண்டாமா என்று கடைசியாக ஒரு வாதம் வரும். தாராளமாக வேண்டும். அப்படியானால் எண்ணையும் ஷெட் எழுத்தையும் எடுத்துவிடுங்கள். பக்கத்தில் ஒரு வண்டி எண்ணைப் போட்டு, கீழே பொன்மலை ஷெட்டின் 'ஜிஓசி' என்றும் எழுதிவிட்டால், குறிப்பிட்ட ஒரு என்ஜினைப் பற்றி சாட்சி சொல்கிறீர்கள். அந்த என்ஜினைத் துடைத்தவர்கள், கிரீஸ் வைத்தவர்கள், கசிவை அடைத்தவர்கள் எல்லாரும் வேலையே பார்க்கவில்லை என்பதும் அந்தச் சாட்சியத்தில் சேர்ந்துவிடுகிறது. மீட்டர் கேஜ் போய்விட்டது. விழுப்புரம்–மயிலாடுதுறைப் பகுதி அகலப்பாதையாகி 2010-இல் திறந்தார்கள். மெயின் லைனில் இப்போது மின்சார என்ஜின். ஒய்டிஎம்-4 ஓடியதைப் பார்க்காத பிள்ளைகளுக்கு இந்த மாடல்தான் ஆவணம். நம் அப்பாக்கள் காயலான் கடை இரும்பில் ஏறிக் கும்பகோணம் போனார்கள் என்றுதான் அவர்கள் நினைத்துக்கொள்வார்கள்.

நடுவர்களிடம் நான் கேட்பது பெரிய சீர்திருத்தம் இல்லை. வெதரிங் செய்த, அதாவது அழுக்கும் துருவும் பூசிய, மாடலோடு அதே எண்ணுள்ள என்ஜினின் புகைப்படம் ஒன்று, தேதியோடு, மேசைமேல் இருக்க வேண்டும். அதே எண் கிடைக்காவிட்டால் அதே ஷெட், அதே காலத்து அதே ரகம். படத்தில் காணாத ஒவ்வொரு துருவுக்கும் ஒப்புமைக் கட்டத்தில் கைவைக்க வேண்டும், கூடுதலாக ஒரு கைப்பிடி வைத்தால் எப்படிக் கைவைப்பார்களோ அப்படி. படமே இல்லையென்றால் பெயின்டுக்கும் எழுத்துக்கும் மட்டும் மதிப்பெண், அழுக்குக்கு ஒன்றும் கிடையாது. பழைய படத்துக்கு எங்கே போவது என்று கேட்பவர்கள் சுத்தமான என்ஜினோடு வரட்டும். பொன்மலைப் பணிமனையை விட்டு வெளியே வந்த முதல் வாரத்தில் எல்லா என்ஜினும் அப்படித்தான் இருந்தது.